ஜெபம் கேட்கப்படாத வீட்டில் விசுவாசம்

கேள்வி: எங்கள் மகன் 19 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டான். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற வசனம் இருந்தது. அதை அவன் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை, பாட்டுப் பாடினால் தொண்டை அடைக்கிறது. உங்கள் விசுவாசம் போதவில்லை என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். கணவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். எட்டு வயது மகள், "இயேசப்பா ஏன் அண்ணனை எடுத்துக்கொண்டார்?" என்று கேட்கிறாள். நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: இழக்கவில்லை. கடவுள் இல்லை என்று முடிவுகட்டியவர் அவரோடு சண்டைபோட மாட்டார். நீங்கள் இன்னும் சண்டைபோட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் அவரிடமே. வேதாகமத்தில் இதற்கு ஏராளமாக இடம் உண்டு. நம் சபைகளில்தான் அந்த இடத்தைச் சுருக்கிவிட்டோம். முறையிடுவதும் ஜெபம்தான். முதலில் துக்கத்திலிருந்து மீண்டுவிட்டுப் பிறகு கடவுளிடம் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். துக்கத்தின் மேல் குற்ற உணர்வையும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார், அதை இறக்கி வைக்காமல் வேறெதுவும் பேச முடியாது.

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோவானின் சகோதரரான யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான் என்று ஒரே வசனத்தில் வருகிறது. அடுத்து பேதுரு சிறையில் அடைக்கப்படுகிறார். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, தூதன் வந்து சங்கிலியைக் கழற்றி விடுவிக்கிறான். அதே ஊர், அதே அரசன், அதே சபை. ஒருவர் தப்பினார், ஒருவர் தப்பவில்லை. யாக்கோபின் வீட்டாருக்கு விசுவாசம் குறைவு என்று, இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. சொல்லப்போனால், பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசமும் அப்படியொன்றும் மலையை நகர்த்துவதாக இல்லை. பேதுரு வாசலில் வந்து நிற்கிறார் என்று ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னபோது, "நீ பிதற்றுகிறாய்" என்றுதான் அந்த ஜெபக் கூட்டத்தார் சொன்னார்கள். விசுவாசத்தின் அளவைப் பார்த்துத்தான் பதில் கிடைக்குமென்றால், பேதுரு சிறையிலேயே இருந்திருக்க வேண்டும்.

எபிரெயர் 11ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. விசுவாச வீரர்களின் பட்டியல் என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்கிறோமே, அதில் 34ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்புகிறார்கள். 37ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்தால் வெட்டப்படுகிறார்கள். இரு சாராரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றே அதிகாரம் முடிகிறது. கெத்செமனேயில் இயேசு மூன்று முறை கேட்டும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பவுல் தம் மாம்சத்திலுள்ள முள்ளுக்காக மூன்று முறை வேண்டியும் அது அகலவில்லை. இவர்களிடமும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிகிறவர், உங்களிடமும் வந்து சொல்லிக்கொள்ளட்டும்.

இப்படிச் சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். சிகாகோவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதையை நீங்கள் பிரசங்கங்களில் கேட்டிருக்கலாம். 1873இல் அட்லாண்டிக் கடலில் கப்பல் மூழ்கி அவருடைய நான்கு மகள்களும் இறந்தார்கள். அதன் பிறகு அவர் எழுதிய பாடல் உலகமெங்கும் பாடப்படுகிறது. பிரசங்கிகள் வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1880இல் அவருடைய சிறு மகனும் காய்ச்சலில் இறந்தான். இத்தனை அடி விழுவது கடவுளின் தண்டனையாகத்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சு அவர்கள் சபையிலேயே எழுந்தது. அந்தத் தம்பதியர் அந்தச் சபையை விட்டே விலகி, 1881இல் எருசலேமுக்குக் குடிபோனார்கள். பாடல் பிறந்த கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைக்கத் தெரிந்த நமக்கு, அந்தப் பாடலாசிரியரையே ஒரு சபை துரத்தியது போலாகிவிட்டதைச் சொல்ல வாய் வருவதில்லை.

இயேசு இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, இவன் பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வரிசையில் நின்று அட்டை வாங்காத வீடு குறைவு. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய வழக்கம்தான். ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் தியானிக்கலாம். ஆனால் எந்த வசனம் யார் கைக்குப் போகிறது என்பது அட்டைகள் அடுக்கப்பட்டிருந்த வரிசையைப் பொறுத்தது. அதைத் தனிப்பட்ட முன்னறிவிப்பாகப் பிரசங்கிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. உங்கள் அட்டையில் இருந்த வசனம் வரும் 118ஆம் சங்கீதம், ஆபத்திலிருந்து தப்பிய ஒருவர் ஆலயத்தில் வந்து பாடிய நன்றிப் பாடல். அது உங்கள் மகனைக் குறித்துக் கடவுள் எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல. ஆகவே கடவுள் உங்களிடம் சொன்ன வாக்கை மீறிவிட்டார் என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை. அவர் அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தது நாம்தான், அவர் பெயரில்.

சரி, அவர் என்ன கொடுத்திருக்கிறார்? இங்கே, சொத்தையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவின் புத்தகத்துக்கு வர வேண்டும். நம் அஞ்சலிச் சுவரொட்டிகளிலும் கல்லறைக் கற்களிலும் அதிகம் காணப்படும் வசனம் யோபு 1:21 தான்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." உங்களுக்கும் பலர் இதைச் சொல்லியிருப்பார்கள். இதைச் சொன்னவர் யோபுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. முதல் அதிகாரத்தில் ஸ்தோத்திரம் சொன்ன அதே மனிதர், மூன்றாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதிலிருந்து அதிகாரம் அதிகாரமாகக் கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். எதற்காக என்னோடு வழக்காடுகிறீர், சொல்லும் என்கிறார். என் உமிழ்நீரை விழுங்கும் நேரமாவது என்னை விட்டு விலகமாட்டீரா என்கிறார். "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்ற வசனத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அதன் பின்பாதியில், ஆனாலும் என் வழக்கை அவர் முன்பாக எடுத்து வைப்பேன் என்ற பொருளில் அவர் தொடர்வதை யாரும் மாட்டி வைப்பதில்லை.

யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்ததும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், கெட்டது. அவர்கள் பேசியதில் பக்திக்குக் குறைவில்லை. கடவுள் நீதியுள்ளவர், பாவம் செய்தவனுக்குத்தான் துன்பம் வரும், நீ மனந்திரும்பினால் எல்லாம் சரியாகும் என்று பேசினார்கள். அப்படியே எடுத்து எந்தக் கூட்டத்திலும் பிரசங்கம் செய்யலாம். கடைசியில் கர்த்தர் பேசும்போது கோபித்துக்கொண்டது யாரிடம்? அந்த நண்பர்களிடம். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் தோற்றார்கள், கடவுளோடு வாதாடியவர் நிலைநின்றார். உங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு 42:7ஐக் காட்டுங்கள் என்று சொல்லமாட்டேன், உங்களுக்கு இப்போது அதற்குத் தெம்பு இருக்காது. ஆனால் நீங்கள் அதை வாசித்துக்கொள்ளுங்கள்.

யோபுவின் முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது, உங்களுக்கும் அப்படியே என்பார்கள். எண்ணிப் பாருங்கள். 7,000 ஆடுகள் 14,000 ஆயின, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பு ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும், பின்பும் அதே பத்துப் பேர். முதல் பத்துப் பேர் கடவுளிடத்தில் உயிரோடிருப்பதால் கணக்கு இருபதுதான் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அழகான விளக்கம்தான், ஆனால் வசனம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குப் பதில் இன்னொரு பிள்ளை ஈடாகாது என்பது அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த யோபுவின் கதைக்கும் நம் மண்ணுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன், ஆனாலும் இந்தக் கத்தோலிக்கரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நட்டாலம் நீலகண்ட பிள்ளை, சொத்தும் கால்நடையும் அடுத்தடுத்து நஷ்டமாகி மனம் ஒடிந்திருந்தார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையில் சேர்ந்திருந்த டச்சுப் படைத் தளபதி டி லனாய், அவருக்கு ஆறுதலாகச் சொன்னது யோபுவின் கதையைத்தான். 1745இல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பிறகு என்ன ஆயிற்று? போன மாடுகள் இரட்டிப்பாகத் திரும்பி வந்தனவா? 1749இல் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது, ஆனால் அது 270 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. யோபுவின் 42ஆம் அதிகாரத்தை அவர் இந்த உலகத்தில் காணவே இல்லை. நடு அதிகாரங்களிலேயே வாழ்ந்து, அங்கேயே இறந்தார். விசுவாசித்தால் இழந்தது திரும்பும் என்று போதிக்கிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கால் வைக்கும்போதாவது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி, ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். வார்த்தை வராவிட்டால் இரவல் வாங்குங்கள். சங்கீதங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. 44ஆம் சங்கீதம் கர்த்தரைப் பார்த்து, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர் என்றே கேட்கிறது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் ஒரு துதியிலோ நம்பிக்கையிலோ திரும்பும். 88ஆம் சங்கீதம் திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதன் தலைப்பில் எஸ்ராகியனாகிய ஏமானின் பெயர் இருக்கிறது. யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவு எழுதிச் சேர்க்கவில்லை. அப்படியே ஆலயத்தின் பாட்டுப் புத்தகத்தில் வைத்துப் பாடினார்கள். உங்களால் இப்போது துதிக்க முடியாதென்றால், துதிக்காத சங்கீதத்தை வாசியுங்கள். சத்தமாக வாசியுங்கள், அழுகை வந்தால் வரட்டும்.

நம் ஊர்ப்பக்கம் துக்க வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவார்கள். பல சபைகளில் அதை நம்பிக்கையற்றவர்களின் வழக்கம் என்று சொல்லி அடக்கிவிட்டோம். பெட்டியைச் சுற்றி நின்று சந்தோஷப் பாட்டுப் பாடினால்தான் சாட்சி என்றாகிவிட்டது. ஆனால் சவுலுக்காகவும் யோனத்தானுக்காகவும் தாவீது பாடியது ஒப்பாரி இல்லாமல் வேறென்ன? எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளை வரவழையுங்கள் என்று கர்த்தரே சொல்கிறார். புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்ற வசனத்தை அதிலிருந்துதான் எடுத்துப் பாடுகிறோம். அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் எரிந்துபோன ஒரு நகரமும், தெருவில் பசியால் மயங்கி விழும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் புத்தகம் முடிவதும் அந்த இனிய வசனத்தோடு அல்ல, எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற கலக்கத்தோடு.

பவுல் நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியது உண்மை. துக்கிக்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை. லாசருவின் கல்லறைக்குப் போகும் இயேசுவுக்கு, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்பது தெரியும். தெரிந்தும், "இயேசு கண்ணீர் விட்டார்." அதற்குச் சற்று முன் மார்த்தாளும் மரியாளும் ஆளுக்கொரு முறை, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். குற்றச்சாட்டுதான் அது. அவர் ஒருத்தியையும் கடிந்துகொள்ளவில்லை.

ரோமர் 8:28ஐயும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. அடக்கத்துக்கு வந்த இடத்தில் இந்த வசனத்தைச் சொல்பவரை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வசனத்தில் பிழையில்லை, அதைப் பிடுங்கி எடுத்ததில்தான் பிழை. அதற்கு இரண்டு வசனம் முன்னால், நாம் ஏற்றபடி ஜெபிக்க அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார். அதற்கும் முன்னால் சர்வ சிருஷ்டியும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம் என்கிறார். பின்னால் போனால், தூங்குகிறீரா என்று கேட்ட அதே 44ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம் என்று மேற்கோள் காட்டுகிறார். கிறிஸ்துவின் அன்பிலிருந்து எதுவும் நம்மைப் பிரிக்காது என்று அவர் சொல்வது அதன் பிறகு. நீங்கள் உட்கார்ந்து பெருமூச்சு மட்டும் விடுகிறீர்கள் என்றால், அந்த அதிகாரத்தின்படி ஜெபம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆலயத்துக்குப் போகும்போது பாட முடியாவிட்டால் பாடாமல் நில்லுங்கள். மற்றவர்கள் பாடட்டும். விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியைச் சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால் அந்த வரியைச் சபை உங்களுக்காகச் சொல்லும், அதற்குத்தான் கூட்டமாகச் சொல்கிறோம். திருவிருந்துக்கு மட்டும் போய்வர முடிந்தால் போய் வாருங்கள், அங்கே நீங்கள் பேச வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். சாட்சி சொல்லும் நேரம் உங்களுக்கு வேதனையாக இருக்கும். தன் பிள்ளை குணமானதைச் சொல்லி ஒருவர் நன்றி செலுத்தும்போது உங்கள் வயிறு எரியும், அது இயல்பு. எழுந்து வெளியே போய் நில்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியதைப் பலர் அற்புதமாகச் சொன்னார்கள். கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களில் நூற்றுக்கணக்கானோர் கடலோடு போனார்கள். அவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே? தப்பியவர் நன்றி சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தன் நன்றியைப் பிறருக்குப் பாடமாக மாற்றாமல் சொல்லலாம்.

உடம்பையும் கவனியுங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்திருந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடவே சொன்னான். பேச்செல்லாம் பிறகுதான். தூக்கமே இல்லாமல் போகிறது, சாப்பாடு இறங்கவில்லை, நானும் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், மகனைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டினீர்களே, அது என்ன குறைவு என்று திருப்பிக் கேளுங்கள்.

யாருடைய ஆறுதலைக் கேட்பது என்பதிலும் கொஞ்சம் கறாராக இருங்கள். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. ஆரோக்கியமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதிய ஆறுதல் நூல்கள் அவருக்கு ஒட்டவே இல்லை. அதனால் படுக்கையிலிருந்தே, நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதும் கடிதங்களாக எழுதத் தொடங்கினார். உங்கள் சபையிலோ பக்கத்துச் சபையிலோ பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நிச்சயம் இருப்பார். ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அவரைத் தேடிப் போங்கள். என்னைவிட அவர் உங்களுக்கு அதிகம் சொல்வார், அதைவிட முக்கியமாகக் குறைவாகவும் பேசுவார்.

கிறிஸ்துமஸ் வரும், அது கஷ்டமாக இருக்கும். நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை என்று யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மத்தேயு எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலேயே பெத்லகேமின் தாய்மார்கள் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறார்கள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்று அவர் எழுதுகிறார். ஞாயிறு பள்ளி நாடகத்தில் சாஸ்திரிகள் வந்து போனதும் திரையை மூடிவிடுகிறோம், மத்தேயு மூடவில்லை. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனை வேளையில், கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அந்த வீடுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் வரத்தான் செய்கிறது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில், ரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சொரூபத்தைக் கழுவிவிடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்த்தெழுதலை நம்புவதற்காக ரத்தக் கறையை மறைக்கத் தேவையில்லை என்று அந்தச் சபை நினைத்திருக்கிறது. நான் உயிர்த்தெழுதலை நம்புகிறேன். உங்கள் மகனை நீங்கள் மறுபடி காண்பீர்கள் என்றும் நம்புகிறேன். இதை உங்களை அமைதிப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, எனக்கு இருக்கும் நம்பிக்கை அதுதான் என்பதால் சொல்கிறேன். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் ஆணித் தழும்புகள் இருந்தன என்பதையும் சேர்த்தே நம்புகிறேன்.

உங்கள் கணவரை ஆலயத்துக்கு வரும்படி நெருக்காதீர்கள். அதே பிள்ளையை இழந்த தாயும் தகப்பனும் ஒரே மாதிரி துக்கப்படுவதில்லை. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றிய முதல் ஞாயிறு மாலையில் தோமா மற்றவர்களோடு இல்லை. பிறகு, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொல்லியும்விட்டார். எட்டு நாள் கழித்து அவர் மறுபடி அதே வீட்டில் மற்றவர்களோடு இருக்கிறார். அந்த எட்டு நாளும் மற்ற பத்துப் பேர் அவரைத் தள்ளி வைக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்கள் கணவர் வீட்டிலிருந்தால் அவரோடு உட்கார்ந்து மகனைப் பற்றிப் பேசுங்கள், அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். போதகர் பார்க்க வந்தால், ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், சும்மா வந்து தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மகளின் கேள்விக்கு மட்டும் தவறான பதில் சொல்லிவிடாதீர்கள். இயேசப்பாவுக்கு அண்ணனை ரொம்பப் பிடித்துப்போனது, அதனால் கூட்டிக்கொண்டார் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை இதைக் கேட்டால், தன்னையும் அவருக்குப் பிடித்துவிடக் கூடாதே என்று ராத்திரியில் பயந்து படுத்திருக்கும். அண்ணன் தூங்குகிறான் என்றும் சொல்ல வேண்டாம், அவள் தூங்கப் பயப்படுவாள். அவன் ரத்தத்தில் ஒரு நோய் வந்தது, மருத்துவர்கள் முயன்றும் குணமாகவில்லை, அது உன்னாலோ எங்களாலோ வந்ததல்ல என்று நேராகச் சொல்லுங்கள். நாம் ஜெபித்தும் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், "எனக்கும் தெரியவில்லை, நானும் அவரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் விரும்பினால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம்.